அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி

அம்மாவுக்கு அப்போது 58 வயது. இரண்டாவது இட்லியிலேயே "வயிறு நெறஞ்சுபோச்சுடி" என்று தட்டை நகர்த்திவிடுவாள். நாலு மாதம் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டினோம். உடம்பு இளைத்ததற்குச் சர்க்கரைதான் காரணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

கடைசியாகப் பார்த்த டாக்டர், வயிற்றைத் தொடும் முன்பே இடது காறை எலும்புக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தார். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. வலி இல்லாததால் அம்மாவே கவனித்திருக்கவில்லை. வயிற்றுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வயிற்றிலிருந்து வரும் நிணநீர் மார்புக்குழாய் வழியாக மேலேறி இடது கழுத்தடியில்தான் ரத்தத்தில் கலக்கிறது, அந்த வழியே வரும் புற்றுசெல்கள் அங்கே தங்கிவிடும் என்றார். விர்ஷோ கணு என்று பெயராம்.

எண்டோஸ்கோபியில் புண் எதுவும் தெரியவில்லை. காற்று செலுத்தியும் வயிறு சரியாக விரியவில்லை, அவ்வளவுதான். முதல் பயாப்ஸியில் கேன்சர் இல்லை என்று வந்தது. அன்று சாயங்காலமே கோயிலில் அர்ச்சனை செய்தோம். ஆழமாக எடுத்த இரண்டாவது பயாப்ஸியில்தான் 'சிக்னெட் ரிங் செல்' என்று எழுதியிருந்தார்கள். வயிற்றுப் புற்றுநோயில் ஒரு வகையாம்.

பதில்:
நான் பத்தாலஜி லேபில் இருக்கிறேன். அந்த செல்லுக்குள் மியூசின் என்ற சளி நிரம்பி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பார்க்க முத்திரை மோதிரம் மாதிரியே இருக்கும். 1965-ல் லாரன் என்ற மருத்துவர் வயிற்றுப் புற்றுநோயைப் பிரித்த இரண்டு வகைகளில் இது பரவல் வகை. இன்னொரு வகை குடல் சுரப்பி போல அமைந்து கட்டியாகத் திரளும். பரவல் வகையில் செல்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஈ-கேடரின் புரதம் பெரும்பாலும் இருக்காது. அதனால் செல்கள் தனித்தனியாக வயிற்றுச் சுவருக்குள்ளேயே ஊர்ந்து போகும். வயிறு தோல்பை மாதிரி விறைத்துப்போகும், மேலாகக் கிள்ளிய துண்டில் சிக்காது. ஒரே ஒரு துண்டு மட்டும் வந்தால் எனக்குப் பதறும். ஆறு துண்டாவது வேண்டும்.

பதில்:
என் சித்திக்குச் சினைப்பைக் கட்டி என்றுதான் ஆபரேஷன் செய்தார்கள், இரண்டு பக்கமும். வயிற்றைப் பாருங்கள் என்று ரிப்போர்ட் வந்தது. குரூக்கன்பர்க் கட்டி, அதாவது வயிற்றுப் புற்று சினைப்பைக்குப் பரவி வந்த கட்டி. "வயித்துல எனக்கு ஒண்ணுமே பண்ணலியே" என்று சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார்.

பதில்:
சித்தி இப்போது எப்படி இருக்கிறார்? அம்மாவுக்கு லேப்ராஸ்கோபி செய்தபோது வயிற்றறையின் உள்ளுறை முழுக்கப் புற்று ரவை தூவியது போல இருந்ததாம். ஆபரேஷன் பயன்படாது என்று கீமோ மட்டும் கொடுத்தார்கள். பதினொரு மாதம் எங்களோடு இருந்தாள். பிறகு நானும் தம்பியும், வயிற்றுப் புற்றுக்குக் காரணமாகக்கூடிய எச். பைலோரி கிருமிக்கான டெஸ்ட் எடுத்தோம். அவனுக்கு இருந்தது. 14 நாள் மருந்தைப் போன வாரம்தான் முடித்தான்.