ஃபிலாக்ரின் பழுது: வறண்ட தோலில் ஒவ்வாமை எப்படி நுழைகிறது?

கேள்வி – மருதம்
ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணு பழுதானால் தோல் வறளும், உள்ளங்கை ரேகைகள் ஆழமாகும். சரி. அது எப்படி எக்ஸிமாவாகவும் (அரிக்கும் தோல் அழற்சி) அப்புறம் வேர்க்கடலை ஒவ்வாமையாகவும் மாறுகிறது? கோளாறு நோய் எதிர்ப்பு மண்டலத்தில்தானே? பிறந்ததிலிருந்தே மாய்ஸ்சரைசர் தடவினால் தடுக்கலாமா?

பதில் – செங்காந்தள்
எதிர்ப்பு மண்டலத்தை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது 2006 வரைதான். அந்த ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழு, மீன்செதில் தோலை உண்டாக்கும் அதே இரண்டு ஃபிலாக்ரின் மரபணுத் திரிபுகள் எக்ஸிமாவுக்கும் வழிவிடுவதைக் காட்டியது. ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இவை உண்டு. ஆசியர்களிடம் வேறு திரிபுகள்.

ஃபிலாக்ரின் முதலில் தோல் செல்லுக்குள் உள்ள கெரட்டின் புரத இழைகளைக் கட்டுகிறது. பிறகு தானே அமினோ அமிலங்களாக உடைந்து நீரைப் பிடித்துவைக்கிறது, மேல்தோலின் பிஎச் (அமில-கார) அளவை 5 பக்கம் அமிலமாக வைக்கிறது. அது குறைந்தால் பிஎச் ஏறும். கேஎல்கே5, கேஎல்கே7 என்ற புரதம் வெட்டும் நொதிகள் உசுப்பப்பட்டு, செல்களைப் பிணைக்கும் முடிச்சுகளை நேரத்துக்கு முன்பே அறுக்கும். அந்த இடுக்கில் தூசிப்பூச்சியின் கழிவு, ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, உணவுத் துகள் எல்லாம் உள்ளே போகும். அடிபட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி என்ற சமிக்ஞையை விட, எதிர்ப்பு மண்டலம் டிஎச்2 என்ற ஒவ்வாமை வகை எதிர்வினைப் பக்கம் சாயும். அங்கிருந்து வரும் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டும் பழுதில்லாத மரபணுப் பிரதியிலிருந்து வரும் ஃபிலாக்ரினையும் குறைத்துவிடும். விடாமல் சுழல்வது இதனால்தான்.

பதில் – நீர்முள்ளி
ஒன்றைச் சேர்க்கிறேன். திரிபு உள்ள பலருக்கு எக்ஸிமா வருவதே இல்லை. எக்ஸிமாக்காரர்கள் பலரிடம் திரிபு இல்லை. ஆனாலும் தோலின் தடுப்புச்சுவர்தான் தொடக்கம் என்பதற்கு நெதர்ட்டன் என்ற அரிய பரம்பரைத் தோல் நோய் நல்ல சாட்சி: அதில் ஃபிலாக்ரின் மரபணுவில் பழுதில்லை, மேலே சொன்ன நொதிகளுக்குப் பிரேக் போடும் ஸ்பிங்க்5 மரபணுதான் போயிருக்கும். கடும் ஒவ்வாமையும் கூடவே வருகிறது.

பதில் – செங்காந்தள்
மாய்ஸ்சரைசர் கேள்விக்கு: பிரிட்டனின் பீப் ஆய்வில் (2020) ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறந்த 1,394 குழந்தைகளைப் பார்த்தார்கள். முதல் ஆண்டு முழுக்க தினமும் தடவியும் இரண்டு வயதில் எக்ஸிமா குறையவில்லை. ஆக, வராமல் தடுக்க அதை நம்ப வேண்டாம். வந்த பிறகு அதுவே அடிப்படைச் சிகிச்சை, அப்போது கஞ்சத்தனம் கூடாது: உடம்பெல்லாம் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஆகும். குளித்ததும் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன், முடி படியும் திசையில் தடவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். சாதாரண சோப்பின் பிஎச் 9–10, அதை விடுங்கள். சிவந்து அரிக்கும் இடத்துக்கு மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது, மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். பயந்து அரைகுறையாகத் தடவுவதால்தான் பலருக்கு அடங்குவதில்லை.

பதில் – நீர்முள்ளி
வெடித்த தோலில் கடலை மாவு, பயத்தம் மாவு தேய்ப்பதையும் நிறுத்துங்கள். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்திய ஏராளமானோருக்குக் கோதுமை சாப்பிட்டாலே ஒவ்வாமை வர ஆரம்பித்தது. தோல் வழியாகப் போகும் உணவுப் புரதம் ஒவ்வாமையைப் பழக்கும். வாய் வழியாகச் சீக்கிரம் போனால் பெரும்பாலும் சகிப்பைப் பழக்கும். லீப் ஆய்வில் (2015) 4–11 மாதத்தில் வேர்க்கடலை உணவைத் தொடங்கிய குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. கடும் எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்தால் மட்டும் முதலில் பரிசோதனை, பிறகு ஊட்டல். முழுக்கடலை கூடாது, தொண்டையில் சிக்கும். மசித்துக் கூழாகக் கொடுங்கள்.