கிளட்ச் மாற்றியபின் கீச் சத்தம், ரிவர்ஸில் கரகரப்பு: அட்ஜஸ்ட்மென்ட் தவறா, பேரிங் கோளாறா?

கேள்வி:
கேபிள் கிளட்ச் உள்ள கார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதுசு, கேபிள் பழசு. மாட்டியதும் ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசியது. ஃபோர்க் (கேபிள் இழுக்க, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) முனையில் உள்ள நட்டை ஆறு சுற்று இறுக்கினதும் ரிவர்ஸ் சுத்தமாக விழுகிறது. ஆனால் இப்போது நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது குருவி கத்துவது போல கீச் கீச் சத்தம். பெடலை லேசாகத் தொட்டாலே நின்றுவிடுகிறது. மறுபடி கியர்பாக்ஸ் இறக்கணுமா?

பதில் 1:
இறக்க அவசரப்படாதீங்க. பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டும் வரை எத்தனை மி.மீ. போகுதுன்னு ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்க. கேபிள் வகையில் பொதுவாக 10 முதல் 20 மி.மீ. ஃப்ரீ பிளே (கனம் தட்டும் முன் பெடல் சும்மா போகும் தூரம்) இருக்கும். பேரிங் எப்போதும் தொட்டபடியே ஓடும் அமைப்புகளும் உண்டு, அதனால் உங்க வண்டி மேனுவலைப் பாருங்க.

சத்தம் எந்த நிலையில் வருதுங்கறதுதான் முக்கியம். பெடலை அழுத்த அழுத்த வளர்ந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டால் உறுமி, முழுக்க அழுத்தினால் அடங்கினால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச் பிளேட் மாட்டியிருக்கும் தண்டு) பேரிங். எந்த நிலையிலும் மாறாத உரசலுக்கு, வளைந்துபோய் ஃப்ளைவீலை (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) தொடும் தூசித் தகடு காரணமாக இருக்கலாம். உங்களுடையது லேசாகத் தொட்டால் நிற்குது. ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டின் நடுவில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை அரைகுறையாகத் தொட்டு, சுழலாமல் வழுக்குது. ஆறு சுற்று இறுக்கியதில் பிளே முழுக்கப் போயிருக்கும். இப்படியே ஓட்டினால் பேரிங் சீக்கிரம் தேயும், கிளட்சும் வழுக்கும்.

கேட்டவர்:
அளந்தேன், 2 மி.மீ. கூட இல்லை. நட்டைத் தளர்த்தி 15 மி.மீ. வைத்தேன். கீச் போய்விட்டது, ரிவர்ஸ் கரகரப்பு திரும்பிவிட்டது.

பதில் 2:
அப்படின்னா பெடல் முழுக்க இறங்கியும் ஃபோர்க் போதுமான தூரம் நகரலை. நட்டை இறுக்கி நீங்க சரிசெய்தது விளைவை மட்டும்தான். பழைய கேபிள் நீண்டுபோயிருந்தால் அதை நட் ஈடுகட்டும். ஆனால் அழுத்தும்போது உறை நசுங்கி, உள்கம்பி இழுபட்டு வீணாகும் தூரத்தை எந்த நட்டும் ஈடுகட்டாது. ஒருத்தரைப் பெடல் மிதிக்கச் சொல்லி, ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) கேபிள் உறை உட்காரும் இடத்தைப் பாருங்க. உறையோ தகடோ அசையக் கூடாது. பெடலுக்கு அடியில் தடிமனான மேட் இருந்தாலும் சில மி.மீ. போகும், அதை எடுத்துட்டு சோதிங்க.

அதன்பின் சோதனை: நியூட்ரலில் பெடலை முழுக்க அழுத்தி ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் பல் உரசினால் பிளேட் ஃப்ளைவீலை விட்டு விலகலை.

பதில் 3:
கேபிளில் குறை இல்லைன்னு தெரிந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கிப் பாருங்க. பிளேட்டின் டாம்பர் ஸ்பிரிங் புடைத்த பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் நோக்கி வரணும்; எந்தப் பக்கம்னு பிளேட்டிலேயே அச்சிட்டிருக்கும். திருப்பி மாட்டினால் ஹப் (பிளேட்டின் நடுப்பகுதி) ஃப்ளைவீல் போல்ட்டில் உரசி, கிளட்ச் விலகாது. கியர்பாக்ஸைத் தூக்கி ஏற்றும்போது அதன் எடை இன்புட் ஷாஃப்டில் தொங்கியிருந்தால் பிளேட் வளைந்திருக்கும். ஸ்ப்லைனில் (இன்புட் ஷாஃப்டின் பல்வரிகள்) பிளேட் கையால் வழுக்கி ஓடணும். கிரீஸ் மெல்லிய பூச்சு மட்டும். கூடினால் லைனிங்கில் (பிளேட்டின் உராய்வுப் பரப்பு) தெறித்து, வண்டி கிளம்பும்போது நடுங்கும்.

கேட்டவர்:
ஃபயர்வாலில் உறையின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கு. மிதிக்கும்போது உறை கிட்டத்தட்ட 5 மி.மீ. முன்னே வருது.

பதில் 2:
அதுதான். புஷ், கேபிள் இரண்டையும் மாற்றுங்க. பெடலைப் பத்துப் பதினைந்து தடவை முழுக்க மிதித்து கேபிள் உட்கார்ந்தபின் பிளே வைத்து, நட் அசையாமல் லாக் நட்டை இறுக்குங்க. 500 கி.மீ. ஓடியதும் மறுபடி அளங்க. புதுக் கேபிள் படிந்தால் பிளே கூடும். பிறகு பிளேட் தேயத் தேய அது குறைஞ்சுக்கிட்டே வரும்.