அப்பாவின் மொய் நோட்டில் கடைசிப் பக்கம்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி பிறந்துவிட்டால் எங்கு பார்த்தாலும் மொய் விருந்துப் பந்தல்தான். கல்யாணம், காதுகுத்து என்று எதுவும் இருக்காது. மொய் வாங்குவதற்கென்றே கறிச்சோறு போடுவார்கள். செலவு குறையட்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரே விருந்தாக வைப்பதும் உண்டு; ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. சாப்பிட்டுக் கை கழுவி வந்து ஊர், பேர் சொல்லி எழுத வேண்டியதுதான்.

ஒருவருக்கு முறை பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருதடவை வரும். நான் செய்த இரண்டாயிரத்தை அவர் என் முறையில் திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் புது மொய்யும் சேர்த்துச் செய்வார். அந்தப் புது மொய் என் தலையில் ஏறும். வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பிச் செய்தால் 'உறவு போதும்' என்று அர்த்தம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் எங்கள் தோப்பில் 11 மரம்தான் மிஞ்சியது. அடுத்த ஆடிக்கு அப்பா திருப்ப வேண்டிய வீடு பதினாலு. அப்பா 'மாமா' என்று கூப்பிடும் ஒருவருக்குப் பழைய மொய் ஐயாயிரம் நின்றது. இரண்டாயிரத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாப்பிடாமல் நேரே மேசைக்குப் போய்விட்டார். எழுதுகிற பையன், "பழசு அஞ்சாயிரம் நிக்குதே ஐயா" என்றான், கொஞ்சம் சத்தமாகவே. அப்பா சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மாமா வந்து பேனாவை வாங்கி 'வரவு 2000, மீதி அடுத்த முறை' என்று அவரே எழுதினார். "போய் மொதல்ல சாப்பிடு மாப்ள, எலை போட்டாச்சு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு வாரம் கழித்து அவர் வண்டியில் பத்துத் தென்னம்பிள்ளை வந்து இறங்கியது. அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் 'தென்னம்பிள்ளை 10' என்று எழுதி வைத்தார்.

உங்கள் பக்கத்துக் கொடுக்கல் வாங்கலையும் எழுதுங்களேன்.

*

மறுமொழி 1:

நான் திருநெல்வேலி. ரம்ஜான் மாதம் எதிர்வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். அம்மா அந்த வாளியை ஒருநாளும் வெறுமனே திருப்பியதில்லை. ஒன்றும் இல்லாத அன்று ஒரு கைப்பிடிச் சீனி, இல்லாவிட்டால் கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரை. சென்னைக்கு வந்த புதிதில் பக்கத்து ஃபிளாட்டில் கொழுக்கட்டை கொடுத்த டப்பாவை நன்றாகக் கழுவிப் பளபளவென்று, ஆனால் காலியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, "நாளைக்கே ஏதாச்சும் செஞ்சு கொண்டு போ" என்றாள். ரவா கேசரி செய்து கொண்டுபோனேன்.

ஒன்று கேட்கிறேன் அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம். மொய்யைத் திருப்ப வட்டிக்கு வாங்குகிறவர்களும் உங்கள் பக்கம் உண்டுதானே?

*

மறுமொழி 2 (முதலில் எழுதியவர்):

உண்டும்மா. நகையை அடகு வைத்து மொய் செய்தவர்களை எனக்கே தெரியும். அது கொடுமைதான், மறைக்கவில்லை. கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு மீதிக்குத் தவணை கொடுக்கிற ஆள் அமைவது எல்லோருக்கும் வாய்க்காது. எங்களுக்கு வாய்த்தது.

மாமாவுக்கு மறுபடி முறை வந்தது 2024 ஆடியில். அப்பா மீதி மூவாயிரத்தோடு புது மொய் இரண்டாயிரம் எழுதினார். அப்புறம் வண்டியிலிருந்து ஒரு சாக்கை இறக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் முதலில் காய்த்த தேங்காய். மேசைப் பையன் பேனாவை எடுத்தான். "இத எழுதாதப்பா" என்று அப்பா சொல்லிவிட்டார்.

வீட்டு நோட்டில் அந்தக் கடைசிப் பக்கத்து வரியை அவர் இன்னும் அடிக்கவில்லை.