வால்யூமைத் திருகினால் கரகரப்பு: எதை வைத்துச் சுத்தம் செய்வது?

அப்பா ஆசையாக வாங்கிய பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். பாட்டு நன்றாகவே வருகிறது. ஆனால் வால்யூமைத் திருகினால் அப்பளம் நொறுங்குவது போல் கரகரவென்று சத்தம். குறைவாக வைத்தால் இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது; குமிழை லேசாகத் தட்டினால் திரும்பி வருகிறது.

பக்கத்துக் கடையில் கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு ஸ்ப்ரேயையே உள்ளே அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சுத்தமாக இருந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். போதாததற்குத் தண்டில் இருந்த கிரீஸும் கரைந்து, வழவழவென்று திரும்பிய குமிழ் இப்போது காற்றாடி மாதிரி சுற்றுகிறது.

இனி நானே செய்வதாக முடிவு. (பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் டிஸ்சார்ஜ் ஆனதைப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன், திட்டாதீர்கள்.)

எந்தக் கருவியின் பாட்டு என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் சுவிட்சில் வெள்ளி முலாம் பூசிய தகடுகள் கறுத்திருக்கின்றன. அதற்கு டிஆக்ஸிட் டி5 என்ற சுத்தம் செய்யும் ஸ்ப்ரே, வால்யூமின் உள்ளே இருக்கும் கார்பன் தடத்துக்கு அதே கம்பெனியின் மசகு சேர்ந்த எஃப்5 என்று படித்தேன். இரண்டையும் வாங்க பர்ஸ் இடம் தராது. வால்யூமை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவினால் போதுமா? அது காய்ந்தால் மசகு எதுவும் மிஞ்சாதே, பிறகு என்ன போடுவது? சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவர்கள் யாராவது உண்டா?

தண்டுக்குப் பழைய இறுக்கம் வர எந்த கிரீஸ்?

சுத்தம் செய்தும் கரகரத்தால், சர்க்யூட்டில் வால்யூமுக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டர் கசிந்து வால்யூமில் டிசி (நேர் மின்சாரம்) ஏறியிருக்கலாமாம். மீட்டரை எந்தக் கால்களில் வைத்துப் பார்ப்பது?