சக ஊழியரிடம் இனத்தைப் பற்றிப் பேசலாமா? (சிங்கப்பூர்)

தேக்காவாசி:
வாடகைக்கு அறை தேடிய நண்பரிடம் முகவர் ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "இந்தியர் வேண்டாம், சமையல் வாடை வரும்னு வீட்டுக்காரர் சொல்றார்." இதைக் கேட்ட என் சீன சக ஊழியர், "இங்கேயா இப்படி?" என்று உண்மையாகவே திகைத்தார். வருஷக்கணக்காகப் பக்கத்து மேசையில் இருப்பவர்! நாம் சிரித்து மழுப்பிக்கொண்டே இருந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நேராகப் பேசித்தான் ஆகவேண்டும்.

ஈசூன் மாமா:
தம்பி, 1964 ஜூலையில் இங்கே சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தது. அதைப் பார்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். இன்றைய அமைதி மனம்விட்டுப் பேசி வந்ததில்லை. சட்டம் போட்டு, 1989ல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பிளாக்குகளில் ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை வீடுதான் என்று விகிதம் வைத்து, எல்லாரையும் ஒரே மின்தூக்கியில் ஏறவைத்து வந்தது. ஆபீசில் இந்தப் பேச்சை எடுத்தால் "எதுக்கெடுத்தாலும் இனத்தை இழுப்பவன்" என்ற பெயர்தான் மிஞ்சும்.

செங்காங் அம்மா:
மாமா, அந்த விகிதமே யாருக்கு வலிக்கிறதென்று பாருங்கள். சீனர் விகிதம் நிறைந்த பிளாக்கில் இந்தியரோ மலாய்க்காரரோ வீட்டை விற்றால் சீனர் வாங்க முடியாது. வாங்க ஆள் குறைவு, விலையும் இறங்கும். பாதிக்கப்பட்டவர்கள் விடாமல் சொன்னதால்தான் இது நாடாளுமன்றம் வரை போனது. 2022ல் சிலருடைய வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ள வழி செய்தார்கள். வாயை மூடியிருந்தால் நடந்திருக்குமா?

ஈசூன் மாமா:
நாடாளுமன்றம் வேறு, சாப்பாட்டு மேசை வேறு. 2019 மறந்துபோச்சா? சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கருமையாக்கி இந்தியராக விளம்பரத்தில் வந்தார். ரசனை கெட்டது, ஆனால் குற்றமில்லை என்றார்கள். கோபத்தில் வசைச்சொற்களோடு காணொளி போட்ட இரண்டு இந்தியர்களுக்குத்தான் போலீஸ் எச்சரிக்கை.

தேக்காவாசி:
அது ஊரறியத் திட்டியது. தெரிந்த ஆளிடம், "நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்பதும் அதுவும் ஒன்றா? எச்சரிக்கைக்குப் பயந்து இதையும் விட்டுவிட்டால், இன நல்லிணக்க நாளான ஜூலை 21ல் பள்ளியில் பிள்ளைகள் ஒருநாள் உடை மாற்றிக்கொள்வதோடு நல்லிணக்கம் முடிந்துவிடும்.

ஜூரோங் மலர்:
சீனரிடம் பேசுவது இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்தோ பங்களாதேஷிலிருந்தோ வந்த கட்டுமானத் தொழிலாளி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகிற உள்ளூர் இந்தியர்களை நான் பார்த்திருக்கிறேன். மலாய்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று நம் கல்யாண வீடுகளில் கூசாமல் பேசுகிறார்கள். இதை யார் கேட்பது?

ஈசூன் மாமா:
இதில் உன் பக்கம்தான் நான். வீட்டுக்குள் கட்டாயம் கேள். ஆனால் வேலை அனுமதி அட்டையில் இருப்பவனை ஆபீசில் பேசச் சொல்லாதே. அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்றால் அவன் ஊருக்குத்தான் போகணும்.

ஜூரோங் மலர்:
அவரைப் பேசச் சொல்லவில்லை. குடியுரிமை உள்ள நாம் பேசணும். எங்கள் பிரிவில் புதிதாக வந்த தமிழ்நாட்டுப் பையனின் சாப்பாட்டைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பொத்தினார். எதிரே இருந்த மலாய் அக்கா, "நான் சம்பல் கொண்டு வந்தாலும் இப்படித்தான் செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

ஈசூன் மாமா:
அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு? அதையும் சொல்லு.

ஜூரோங் மலர்:
அங்கேதான் வேலை பார்க்கிறார். மூக்கைப் பொத்தியவர் சில நாள் அக்காவிடம் முகம் கொடுக்கவில்லை, பிறகு தானாக வந்து பேசினார். பையனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.