எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை: ‘இக்னிஷன்’ என்பதற்குச் சொல் வேண்டும்

திருச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

குழுவினர்க்கு வணக்கம். ஸ்டார்ட் ஆகாத பெட்ரோல் காரில் இக்னிஷன் (எஞ்சினுக்குள் எரிபொருளில் தீ பிடிக்கச் செய்தல்) கோளாற்றைக் கண்டறிவது பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சினும் ஸ்பார்க்கும் நம் நூல்களில் ‘பொறி’ என்றே வருவதால், ‘பொறி சுழல்கிறது, பொறி வரவில்லை’ என்று எழுதினால் மாணவர் திகைத்துப் போவார். செல்ஃப் (எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார்) சுற்றாவிட்டால் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். சுற்றியும் எரிதல் தொடங்காவிட்டால்தான் இக்னிஷனையும் பெட்ரோல் வரத்தையும் சோதிக்க வேண்டும். இந்த முதற்படியே குழம்பிவிடக் கூடாது.

மதுரை, தமிழாசிரியர்:

ஐயா, இக்குழப்பம் பழையது. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்ற குறளில் பொறி என்பது மெய், வாய் முதலிய ஐந்து. ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற 618ஆம் குறளில் பரிமேலழகர் அதை விதி என்கிறார். சிலப்பதிகாரத்து ‘வளைவிற் பொறி’ மதுரை மதிலில் இருந்த போர் எந்திரம். ஆகவே பொறியை விட்டுவிட்டு, ஔவையார் அதியமானைப் பாடிய புறநானூறு 315ஆம் பாட்டுக்குப் போவோம். வீட்டுக் கூரையின் இறவாரத்தில் செருகிய ஞெலிகோல் (தீக்கடைகோல்)போல அவன் தோன்றாமலும் இருப்பான், அது கக்கும் எரிபோலத் தோன்றவும் செய்வான் என்கிறார். ஞெலிதல் என்றால் கடைந்து தீ உண்டாக்குதல். ‘ஞெலிப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

ஓசூர், வாகனப் பொறியாளர்:

பாட்டு அருமையானதுதான், ஆனால் ஞெலிதல் உராய்வினால் வரும் தீ. பெட்ரோல் எஞ்சினில் தீ உராய்வினால் வருவதில்லை; காயில் 12 வோல்ட்டை இருபதாயிரத்துக்கும் மேலே உயர்த்த, பிளக்கின் ஒரு மில்லிமீட்டர் அளவேயான இடைவெளியில் மின்சாரம் பாய்கிறது. டீசலில் அதுவும் கிடையாது, அழுத்திச் சூடேறிய காற்றிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்கிறது.

நாங்கள் எப்படித் தேடுகிறோம் என்று சொன்னால் சொல்லின் தேவை தெளிவாகும். பெட்ரோல் பீய்ச்சுவதை நிறுத்திவிட்டு, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் மறுமுனையை எஞ்சின் உலோகத்தில் பிடிக்கச் செய்து செல்ஃப் அடிக்கிறோம். நீலமாக, சடசடவென்று வெட்டினால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் மின்னழுத்தம் போதவில்லை. ஒரு சிலிண்டரில் மட்டும் வராவிட்டால் அதன் காயிலையோ இணைப்பையோ சந்தேகிக்கலாம். எதிலுமே வராவிட்டால் எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், எஞ்சின் தண்டின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார். பழைய அம்பாசிடரில் அந்த இடத்தில் பாயிண்ட்டும் கண்டன்சரும் ரோட்டரும் இருந்தன.

எனவே தீ தானே பற்றுவது ஒன்று, நாம் பற்றவைப்பது வேறொன்று. தன்வினையும் பிறவினையும் சொல்லிலேயே தெரிய வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கிறோமே, அதுபோல ‘பற்றவைப்பு’ என்பது யாருக்கும் புரியும்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் ‘எரிபற்றல்’ என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது. புதிதாக ஒன்றை ஆக்கி ஈரிடத்துப் பிள்ளைகளையும் பிரித்துவிடாதீர்கள். வினையின் நுணுக்கம் தேவையானால் ‘மின்பொறி எரிபற்றல்’ எனலாம், அதில் காரணமும் வந்துவிடுகிறது.

திருச்சி:

ஓசூர் ஐயா, பற்றவைப்பில் ஒரு நடைமுறை இடையூறு இருக்கிறது. எங்கள் நிலையத்தில் அடுத்த கூடத்து மாணவர்கள் பயிலும் வெல்டிங்கே ‘பற்றவைப்பு’. ‘பற்றவைப்புக் கோளாறு’ என்று தலைப்பிட்டால் பாதிப் பேர் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) விரிசல் தேடுவார்கள்.

மதுரை:

அப்படியானால் மூள், மூட்டு என்ற இணையைக் கொள்ளுங்கள். தீ மூண்டது, தீயை மூட்டினான். டீசலுக்கு ‘எரிமூளல்’, பெட்ரோலுக்கு ‘எரிமூட்டல்’. இலக்கணமும் நிற்கிறது, ஓசூரார் கேட்ட பிரிவும் கிடைக்கிறது. இருந்தாலும் ஞெலிப்பை நான் கைவிடவில்லை; மீட்டெடுத்து வழங்கினால் எந்தச் சொல்லும் எளிதாகும்.

ஓசூர்:

எரிமூட்டல் எனக்குச் சம்மதம். ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது ‘எரியூட்டல்’ போல ஒலிக்கிறது, அது சுடுகாட்டுச் சொல். அதனால் முழுத் திருப்தி இல்லை.

யாழ்ப்பாணம்:

நான் இன்னும் எரிபற்றல் பக்கமே. ஐம்பது மாணவர் அறிந்த சொல்லை விட்டு, ஐந்து பேர்கூட அறியாத சொல்லை ஏன் எடுக்க வேண்டும்?

திருச்சி:

நேரம் நெருங்கிவிட்டது. இந்தப் பதிப்பில் ‘எரிமூட்டல் அமைப்பு’ என்றும், முதல் முறை வரும்போது அருகிலேயே ‘இக்னிஷன்’ என்றும் எழுதுகிறேன். ஸ்பார்க் ‘மின்பொறி’, எஞ்சின், பிளக், காயில், செல்ஃப் ஆகியவை அப்படியே இருக்கும், அவற்றைப் பட்டறையில் வேறு பெயரிட்டு யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்து நண்பரின் எரிபற்றலைச் சொற்பட்டியலில் இணைச்சொல்லாகச் சேர்க்கிறேன். ‘மிஸ்ஃபயர்’ என்பதற்கு மட்டும் இன்னும் எதுவும் பொருந்தவில்லை. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்கிறார்கள். ‘தவறெரிவு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே தீ தவறாக எரியவில்லை, எரியாமலே போகிறது.