படுத்தால் மூச்சு வருகிறது, உட்கார்ந்தால் போகிறது

காசிமேட்டுப் பையன்:
அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி, ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போய்விட்டது. மருந்து, ஸ்கேன் கதையெல்லாம் வீட்டில் ஈரல் நோயாளி இருக்கிற உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு காலை மட்டும் மறக்கவே இல்லை. மீன் ஏலம் முடிந்து வந்தால் அப்பா பாயில் படுத்தபடியே டீ கேட்கிறார். "உட்கார்ந்தா மூச்சு வாங்குதுடா, படுத்தா நல்லாயிருக்கு." சோம்பல் என்று நினைத்து அதட்டி, தூக்கி உட்கார வைத்தேன். விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 95லிருந்து 87க்கு இறங்கியது. ஈரல் கெட்டதால் நுரையீரலில் நைட்ரிக் ஆக்சைடு என்ற, உடம்பே உண்டாக்கும் வாயு கூடி, நுண்குழாய்கள் விரிந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகப் பிடிக்காமலே ஓடுகிறது என்றார் டாக்டர். உட்கார்ந்தால் ரத்தம் நுரையீரலின் அடிப்பக்கம் இறங்குமாம், விரிவு அங்கேதான் அதிகமாம். நான் அதட்டினேனே.

தண்டையார்பேட்டை அக்கா:
மனசு கஷ்டமாயிருக்கு தம்பி. என் வீட்டுக்காரருக்கு ஹெபடைட்டிஸ் சி, மூன்று மாத மாத்திரையில் வைரஸ் போய்விட்டது. ஆனால் நைட்ரிக் ஆக்சைடைக் கெட்டதென்று சொல்லாதே. ரத்தக்குழாயைத் தளர்த்துவதே அதுதான், 1998ல் அதற்கு நோபல் கொடுத்தார்கள். அப்பாவுக்குத் தினமும் பீட்ரூட் ஜூஸ் கொடு, அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகத்தான் மாறும். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி. நம்ம சென்னை ஆராய்ச்சியே 1988ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உப்பைக் குறை, கருவாடு வேண்டவே வேண்டாம்.

வியாசர்பாடி லேப்காரன்:
அக்கா, கெட்டதென்று தம்பி எங்கே சொன்னார்? கீழாநெல்லி விஷயம் பிற்பாடு நடந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. இறுகிப்போன ஈரலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு குறைவு, குடல் ரத்தக்குழாய்களில் அதிகம். அங்கே குழாய் விரிந்து பிரஷர் இறங்க, ரத்தம் போதவில்லை என்று கிட்னி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. வயிற்றில் நீர் கோப்பது அப்படித்தான். இதில் ஜூஸ் ஊற்றி எதைச் சரி செய்வது? வைரஸ் வருடக்கணக்கில் தங்கினால் ஈரல் செல்களே நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாக உண்டாக்கும். அது சூப்பராக்சைடு என்ற இன்னொரு வேதிப்பொருளோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்ற நச்சுப்பொருள் ஆகும், அது டி.என்.ஏ.வையே கடிக்கும். உப்பு, கருவாடு மட்டும் நீங்கள் சொன்னது சரி.
என் கதை சின்னது. ஒரு பாக்சிங் பையனுக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். உடம்பு நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் அர்ஜினைன் பவுடர் சாப்பிடுகிறவன். "அர்ஜினைன் டப்பா பாதி இருக்குண்ணா, அதை என்ன பண்றது?" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

காசிமேட்டுப் பையன்:
அக்கா, அப்பாவுக்குப் பீட்ரூட் நிறமே பிடிக்காது. இப்போது படுத்தபடியே ஸ்ட்ரா போட்டு டீ குடிக்கிறார். டம்ளரை நான்தான் பிடித்துக்கொள்கிறேன்.